ஏழும் எட்டும்

இப்பொழுதெல்லாம் நடுத்தரக் குடும்பத்து வீடு ஒன்றில் நுழைந்தால், முன்னொரு காலத்தில் ஹார்மோனியம் இருந்த மூலையில் நீண்ட கறுப்புப் பெட்டி ஒன்று வீற்றிருப்பதைக் காணலாம். அதன் பெயர் 'கீ போர்டு'. எந்தக் கம்பெனி செய்ததானாலும் அதைக் 'காஸியோ' என்றே அழைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. குழந்தைக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பெற்றோரின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. நவராத்திரிக்கு வரும் மாமிகளின் எதிரே அதில் ஒரு பாட்டையாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்பது குழந்தையின் கடமை.

இந்தப் பெட்டியிடம் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருந்து டிரம் முழங்கும். இடது கை விரல்களால் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், அதற்குத் தக்கபடி கிதாரும் வயலின் கூட்டமும் கிளம்பிவிடும். வலது கை பாட்டை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். பக்க வாத்தியக்காரர் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, வண்டிச் சத்தம் கொடுத்து அனுப்ப வேண்டிய சிரமம் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முகம் கோணாமல் வாசிக்கும். இப்பேர்ப்பட்ட பக்க வாத்தியத்தைக் கண்டு மயங்காதவர் யார்?

நான் ஒரு கணக்கு வாத்தியார். சங்கீதத்தில் எனக்குள்ள ஞானம், சிறு வயதில் நாலைந்து வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டதோடு நின்றுபோன ஞானம். ஆனால் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் என் காது தானாகவே நிமிர்ந்துகொள்ளும். ஆகையால், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்தபோது, அதில் எத்தனை விதமான வாத்தியங்கள் ஒலிக்கின்றன என்று மற்றவர்கள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதிலுள்ள தாளங்களின் ஜாபிதாவைப் புரட்டலானேன். வால்ட்ஸ் இருந்தது, போல்கா இருந்தது, போஸா நோவா இருந்தது, ராக், ஸ்விங், மார்ச் எல்லாம் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நான்கு எண்ணிக்கையில் அடங்கியவை. வால்ட்ஸ் முதலிய சில மட்டும் மூன்று. ஐந்து எங்கே, ஏழு எங்கே என்று தேடினேன். அந்தப் பெட்டியில் அவை அகப்படவில்லை.

"அகப்படாவிட்டால் என்ன முழுகிப் போயிற்று?" என்று வாசகர்கள் கேட்கலாம். முழுகித்தான் போயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வாழ்த்துப் பாட்டு உண்டு. வெகு காலத்துக்கு முன் அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் இயற்றியது. மோகன ராகம், மிசிர சாபு தாளம். அதாவது 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை. கையால் தட்டிப் பார்த்தால் ஒன்று, நான்கு, ஆறு என்ற இடங்களில் அழுத்தம் விழும். இந்தத் தாளத்துக்கு ஓர் அழகு உண்டு. ஒரு கால் சற்று அவசரமாகவும் மற்றொரு கால் நிதானமாகவும் நடப்பது போல இருக்கும். அடுத்த அடி எப்போது வருமோ என்ற ஆவல் ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும். வருஷந்தோறும் ஆண்டு விழாவில் சிறுவர் சிறுமியர் அந்தப் பாட்டைப் பாடுவதும், எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் அதற்கு வாசிப்பதும் வழக்கமாயிருந்தன.

பெட்டி வந்ததும் பெரியவருக்குச் சொல்லி அனுப்புவது நின்றுவிட்டது. பாட்டுக்கும் பெட்டிக்கும் ஒத்துப் போகவில்லை. ஒத்துப் போக வைத்தார்கள். எப்படித் தெரியுமா? 'தகிட' என்ற மூன்றுக்குப் பின்னால் ஒரு வெற்று எண்ணிக்கையைச் சேர்த்தார்கள். மூன்றும் நான்கும் ஏழு என்றிருந்தது, நான்கும் நான்கும் எட்டு ஆயிற்று. பெட்டி சந்தோஷமாக முழங்கிற்று. பாட்டு, சிப்பாய்கள் அணிவகுத்துச் செல்வது போல இடது வலது என்று நடக்க ஆரம்பித்தது. ராகம் மாறவில்லை, சொல் ஒன்றும் மாறவில்லை. ஆனால் குறிலாக இருந்த இடங்கள் காரணமில்லாமல் நெடிலாக நீண்டன. புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் அதைத்தான் பாட்டு என்று கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்ற வகுப்புகள் இரண்டு மூன்று பள்ளியை விட்டு வெளியேறியும் விட்டன. அவர்களுடைய நினைவில் அந்தப் பாட்டு என்றைக்கும் எட்டு எண்ணிக்கைதான்.

ஒரு பாட்டை யாரும் தடை செய்யவில்லை, மறக்கவும் இல்லை. தினந்தோறும் பாடிக்கொண்டே அதை இழந்துவிட்டோம்! இதுதான் என் மனத்தை உறுத்திய விஷயம்.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்த வேண்டும். 1940ஆம் ஆண்டில் அகில இந்திய ரேடியோ ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971ஆம் ஆண்டு வரையில் நீடித்தது. ஹார்மோனியத்தின் கட்டைகள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரே இடத்தில் ஆணியடித்து நிறுத்திவிடுகின்றன. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்கு அங்கே இடமில்லை என்பது எதிர்த்தவர்களின் கட்சி. அந்தத் தடை நியாயமா, அநியாயமா என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லுவேன். அன்று ஸ்வரத்துக்காக வாதாடப் பெரியவர்கள் பலர் முன்வந்தார்கள். இன்று தாளத்தை ஆணியடித்து நிறுத்தும் பெட்டி வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது. தாளத்துக்காக வாதாட யாரையும் காணோம்.

பெட்டியை அந்நியச் சரக்கு என்று தள்ளிவிடலாமா என்றால், அதுவும் முறையல்ல. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பிய வாத்தியமான வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? மேலும், இந்தப் பெட்டி முற்றும் அந்நியச் சரக்கு என்று சொல்லுவதற்கும் இப்போது இல்லை. ஜப்பானிய யமஹா நிறுவனம் 2019ஆம் ஆண்டு முதல் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலை வைத்துக் கீ போர்டுகளைச் செய்து வருகிறது. தபலா, டோலக் முதலிய ஒலிகளை அடக்கிய பெட்டிகளும் இந்திய விற்பனைக்கென்றே வருகின்றன. ஆகவே, வயலினை நாம் எப்படி வசப்படுத்தினோமோ அப்படியே இதையும் வசப்படுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தாள யந்திரத்தின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க இசைப் புலவர் ஹென்றி கௌவெல் என்பவரின் வேண்டுகோளின்படி, ரஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் 'ரித்மிகான்' என்ற மின்சாரத் தாள யந்திரம் ஒன்றைச் செய்தார். முதல் கட்டையை அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு தட்டு. இரண்டாவது கட்டைக்கு அதே காலத்தில் இரண்டு தட்டு. இப்படியே பதினாறு வரையில் போகும். ஐந்தாவது கட்டையையும் ஏழாவது கட்டையையும் சேர்த்து அழுத்தினால் ஐந்துக்கு எதிராக ஏழு ஒலிக்கும்! யந்திரம் பிறந்தபோதே அதற்கு ஐந்தும் ஏழும் தெரிந்திருந்தன. பிறகு 1959ஆம் ஆண்டில் வர்லிட்ஸர் கம்பெனியார் 'ஸைட் மேன்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது நடனத்துக்கு வேண்டிய வால்ட்ஸ், டாங்கோ முதலியவற்றை வாசித்தது. யார் வாங்குவார்களோ அவர்களுக்குத் தெரிந்த தாளம் மட்டுமே பெட்டியில் ஏறிற்று. 1978ஆம் ஆண்டில் ரோலண்ட் கம்பெனி வெளியிட்ட 'ஸி.ஆர். 78' என்ற பெட்டியில், வாங்கியவர்களே சொந்தமாகத் தாளம் அமைத்துச் சேமித்து வைக்க வழி ஏற்பட்டது. 1983ஆம் ஆண்டில் வந்த 'மிடி' என்னும் ஏற்பாட்டால் ஒரு பெட்டியில் வாசித்ததை இன்னொன்று புரிந்துகொள்ளவும் முடிந்தது. ஆக, ஏழு இல்லாதது யந்திரத்தின் குற்றமல்ல. ஏழு வேண்டும் என்று கேட்பார் இல்லாததுதான் குற்றம்.

எங்கள் பெட்டியிலும் சொந்தத் தாளம் எழுத இடம் இருந்தது. ஜாபிதாவின் கடைசியில், யாரும் திறந்து பாராத அறை போல அது காலியாகக் கிடந்தது. ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அந்த அறையில் கழித்தேன்.

முதல் தொல்லை, அந்தப் பெட்டி நான்கு எண்ணிக்கையைத் தவிர வேறு ஆவர்த்தனத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அதிக விலையுள்ள சில பெட்டிகளில் ஐந்து, ஏழு என்று நாமே குறித்துக்கொள்ளலாம். எங்களுடையது அவ்வளவு உயர்ந்த ஜாதி அல்ல. இங்கேதான் கணக்கு வாத்தியாரின் வித்தை உதவிற்று. நான்கையும் ஏழையும் பெருக்கினால் இருபத்தெட்டு. பெட்டியின் கணக்கில் நான்கு நான்காக ஏழு ஆவர்த்தனம். நம் கணக்கில் ஏழு ஏழாக நான்கு ஆவர்த்தனம். இரண்டும் இருபத்தெட்டாவது எண்ணிக்கையில் கைகுலுக்கிக்கொண்டு மறுபடி ஒன்றில் சேரும். பெட்டி தன் மனத்துக்குள் நான்கு என்று நினைத்துக்கொள்ளட்டும். வெளியே கேட்பது ஏழாக இருந்தால் நமக்குப் போதாதா? கண்ட சாபுவுக்கும் இதே உபாயந்தான். ஐந்தும் நான்கும் இருபது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாளத்தின் நடுவே பொத்தானை அழுத்தி உருட்டு வாசிக்கச் சொன்னாலோ, வேறு நடைக்கு மாற்றினாலோ, பெட்டி தன்னுடைய நான்கின் எல்லையில் மாறுமே தவிர நம்முடைய ஏழின் எல்லையில் மாறாது. இரண்டு எல்லைகளும் சேரும் இருபத்தெட்டில் மாறினால் பிழைத்தோம். இல்லையேல் பாட்டு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகையால் வாசிப்பவர் இருபத்தெட்டை மனத்தில் எண்ணிக்கொண்டேயிருக்க வேண்டும். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொண்டார்கள். வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை இவ்வளவு உற்சாகமாக அவர்கள் ஒப்பித்து நான் கேட்டதில்லை!

இரண்டாவது தொல்லை, கூட வரும் ஸ்வரங்கள். இத்தகைய பெட்டிகள் பலவற்றில், துணை வாத்தியங்களின் பகுதியை 'ஸி மேஜர் ஸெவன்த்' என்ற ஸ்வரக் கூட்டத்தில் எழுதி வைப்பது வழக்கம். பிறகு இடது கை எந்தக் கட்டைகளை அழுத்துகிறதோ அதற்கேற்பப் பெட்டியே அதை இடம் மாற்றிக்கொள்ளும். மேல் நாட்டுச் சங்கீதத்துக்கு மிகவும் சௌகரியமான ஏற்பாடு. ஆனால் அந்தக் கூட்டத்தை நம் பாஷையில் சொன்னால் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். மோகனத்தில் நிஷாதத்துக்கு ஏது இடம்? குழந்தைகள் ஐந்து ஸ்வரங்களில் அழகாகப் பாடிக்கொண்டிருக்கும்போது, அழைக்காத விருந்தாளி போல நிஷாதம் நடுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும்! ஆகையால் கிதார், வயலின் கூட்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் தம்பூரா போல நிற்கும்படி எழுதினேன். பெட்டி தருவதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை. வேண்டாதவற்றை அழிக்கத் தெரிந்துகொள்வதே இந்த வித்தையில் பாதி.

மூன்றாவதுதான் மிகப் பெரிய தொல்லை. இந்தப் பெட்டிகள் ஓர் எண்ணிக்கையை மிக நுண்ணிய கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஓர் எண்ணிக்கைக்கு 480 கூறு என்பது சாதாரணமாகக் காணும் அளவு. நிமிஷத்துக்கு 120 எண்ணிக்கை என்ற வேகத்தில், ஒரு கூறு ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் தட்டியது ஒரு கூறு முன் பின்னாக இருந்தாலும், 'திருத்து' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எல்லாத் தட்டுகளும் கோடு போட்டாற்போல் சரியான இடத்துக்கு வந்து நின்றுவிடும். ஒவ்வொரு தட்டின் அழுத்தத்தையும் 127 வரையில் எண்ணிட்டுக் குறிக்கலாம். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட ஆனந்தம் வேறு என்ன வேண்டும்?

எழுதி முடித்ததும், பஜனை மடத்துப் பெரியவரை வீட்டுக்கு அழைத்து அதைக் கேட்கச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று சுற்றுக் கேட்டார்.

"கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, வாத்தியாரே! ஆனால் இது யாருடைய பாட்டையும் கேட்டுக்கொண்டு வாசிப்பதாகத் தெரியவில்லையே?" என்றார்.

"யந்திரம் எப்படிக் கேட்கும், ஐயா?" என்றேன்.

"அது கேட்காது. எழுதுகிறவர் கேட்கலாம் அல்லவா? குழந்தைகள் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள்? எந்த வரியில் சொல் நெருங்கி வருகிறது? பாட்டு ஓடுகிற இடத்தில் நான் கையைக் குறைத்துக்கொள்வேன். பாட்டு நிற்கிற இடத்தில் நான் பேசுவேன். அவ்வளவுதான் நாற்பது வருஷமாக நான் செய்த வேலை."

அன்று மாலை முழுவதும் அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாட, நான் குறித்துக்கொண்டேன். பல்லவிக்கு ஒரு நடை. சொற்கள் அடர்ந்த சரணத்துக்குத் தொப்பிப் பக்கத்தின் கும்கியை மட்டும் இலேசாக விட்டு மற்றவற்றை எடுத்துவிட்ட ஒரு நடை. இரண்டாவது வரியின் முடிவில், மூச்சு வாங்கும் இடத்தில் நாலைந்து சொற்கள் கூடுதல். முடிப்பதற்கு ஒரு சிறு தீர்மானம். பெட்டியிலும் தொடக்கத்துக்கு ஒரு பகுதி, நடு நடைக்குச் சில பகுதிகள், இடையே உருட்டுக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று தனித் தனி அறைகள் இருக்கின்றன. வரைபடம் போட்ட ஜப்பானியருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவருக்கும் இந்த விஷயத்தில் அபிப்பிராய பேதமே இல்லை! 'திருத்து' என்ற பொத்தானை மட்டும் அவர் தொட விடவில்லை. ஆறாவது எண்ணிக்கையின் தட்டு ஒரு நூலிழை பின்தங்கி விழ வேண்டும் என்றார். விழுந்ததும் பாட்டு நடக்கத் தொடங்கியது. ஸ்வரத்துக்குக் கமகம் இருப்பது போலத் தாளத்துக்கும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்தான் இல்லை.

இவ்வளவு செய்தும் பெட்டியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. முன்னொரு வருஷம் ஆண்டு விழாவில், மேடையில் நின்ற சிறுமி ஒருத்தி சரணத்தின் நடுவே வரியை மறந்து விழித்தாள். பெரியவர் சற்றும் கலங்காமல் ஒரு சுற்று அதிகமாக வாசித்தார். பிறகு எடுப்பு வரும் இடத்தைத் தலையசைப்பால் காட்டினார். சிறுமி வரியைப் பிடித்துக்கொண்டாள். சபையில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியாயிருந்தால் அந்தச் சிறுமியை அங்கேயே விட்டுவிட்டு இருபத்தெட்டை நோக்கிப் போய்க்கொண்டேயிருக்கும்.

ஆகையால் இப்பொழுது எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு. வருஷம் முழுவதும் பயிற்சிக்குப் பெட்டி. அது ஏழில் வாசிக்கிறது. ஐம்பது தடவை சொன்னாலும் சலிக்காமல் அது வாசிப்பதால், குழந்தைகளின் கையில் ஏழு நன்றாக ஊறிவிடுகிறது. விழா நாளில் பெரியவர். அவருக்கு உரிய சன்மானம். பெட்டி வந்ததனால் மிச்சமாகும் என்று எதிர்பார்த்த தொகை மிச்சமாகவில்லை என்பதில் விழாக் குழுவினருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனால் பெரியவரிடம் இப்போது இரண்டு பையன்கள் மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். பெட்டியில் கேட்ட அந்தப் பின்தங்கிய ஆறாவது தட்டு கையால் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவரிடம் முதலில் போனார்களாம்.

குழந்தைகளுக்குப் பெட்டி வாங்க உத்தேசித்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போனால் கடைக்காரர், "இதில் எத்தனை நூறு ஒலிகள் இருக்கின்றன, பாருங்கள்!" என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டுவார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாக, "ஐயா, இதில் நாங்களே தாளம் எழுத முடியுமா? ஐந்திலும் ஏழிலும் எழுத முடியுமா?" என்று கேளுங்கள். அவர் திகைத்து உள்ளே போய்ப் புஸ்தகத்தைப் புரட்டலாம். முடியாது என்றும் சொல்லலாம். பரவாயில்லை, கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் கேட்கட்டும். வால்ட்ஸ் வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்ததனால்தான் பெட்டியில் வால்ட்ஸ் ஏறிற்று.